பதினேழாம் நம்பர்

பாலக்கரை, திருச்சி
9 பிப்ரவரி 2025

தம்பி ஜூட்டுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. எனக்கு ஒன்றும் இல்லை. நீ நலமாக இருப்பதாக அம்மா சொன்னாள், அதனால் அதைக் கேட்கவில்லை.

உன்னை என் போனில் பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். கோபம் தணிந்ததும் எடுத்துவிடுவேன் என்று காத்திருக்காதே. போனில் நான் ஒன்று சொன்னால் நீ சிரிக்கிறாய், "சரிக்கா, பாத்துக்கலாம்கா" என்கிறாய், அம்மா பின்னாலிருந்து "அவன நிம்மதியா சாப்பிட விடு" என்கிறாள். எழுதினால் நடுவில் யாரும் பேச முடியாது. நீயும் எழுதியே அனுப்பு. குஜராத்தில் தபால் ஆபீஸ் இருக்கும்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எழுத்தில் ஒருமுறை இருக்கட்டும். நாம் இரண்டு பேரும் ஒரே ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவர்கள். துவாக்குடி பக்கத்து பைப் கம்பெனியில் உன்னை வெல்டர் என்று எடுத்தார்கள், என்னை ஹெல்பர் என்று எடுத்தார்கள். வெல்டருக்கு ஒரு நம்பர் உண்டு. அவன் போட்ட ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் அந்த நம்பரை பஞ்ச் அடிப்பார்கள், எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிந்தால் ஆளைப் பிடிக்க. உனக்குப் பதினேழு. ஹெல்பருக்கு நம்பர் கிடையாது.

உனக்குக் கை நடுங்கும். பைப்பின் அடிப்பக்கம் வந்தாலே நடுங்கும். "அக்கா, இந்த ஒண்ண மட்டும் போட்டுக் குடுத்துடு" என்றாய். அந்த ஒன்று முடியவே இல்லை. இரண்டு வருடமாகப் பதினேழாம் நம்பர் ஜாயின்ட் அத்தனையும் நான் போட்டேன், நீ பக்கத்தில் நின்று கம்பி எடுத்துக் கொடுத்தாய். மாதம் பிறந்தால் உனக்கு இருபத்தெட்டாயிரம், எனக்குப் பதிமூன்றரை. ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது என்று அம்மா சொன்னதை நானும் நம்பித் தொலைத்தேன்.

ஜனவரியில் நீ குஜராத்துக்குக் கிளம்பினாய், இரண்டு வருடத்தில் ஒரு எக்ஸ்ரேகூட ஃபெயில் ஆகாதவன் என்ற சர்ட்டிபிகேட்டோடு. போகட்டும், இனி எனக்கு டெஸ்ட் வைப்பார்கள், பாஸ் ஆனால் என் பெயரில் நம்பர், வெல்டர் சம்பளம் என்று நினைத்தேன். நீ போன மறுவாரம் ஒரு ஜாயின்ட் முடித்தேன். சூப்பர்வைசர் வீரமலை வந்து பார்த்தார், பஞ்சை எடுத்தார், பதினேழு என்று அடித்தார். "அண்ணே, அவன் ஊர்லயே இல்லையே" என்றேன். "நம்பர் இருக்குல்லம்மா" என்றார்.

நீ வேலையை விட்டதாக எழுதித் தரவில்லையாம். பதினேழு இருக்கும்வரை புது நம்பருக்கு டெஸ்ட் கிடையாதாம். இரண்டு வரி எழுது. வேலையை விட்டுவிட்டேன், என் நம்பரை எடுத்துவிடுங்கள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு கம்பெனிக்கு அனுப்பு. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு என்று அம்மா எழுதச் சொன்னாள்.

பெலிண்டா


26 பிப்ரவரி 2025

பாசமுள்ள அக்காவுக்கு ஜூட் எழுதிக்கொள்வது,

நான் நல்லா இருக்கிறேன். நீயும் அம்மாவும் நல்லா இருக்க மாதாவை வேண்டுகிறேன். அம்மாவுக்கு அந்தப் பச்சை பாட்டில் தைலம் தீர்ந்திருந்தால் வாங்கிக் கொடு. இங்கே ராத்திரியில் நல்ல குளிர். ரூமில் புதுக்கோட்டைப் பையன்கள் மூன்று பேர், அதனால் சோறு கிடைக்கிறது. கோயில் தூரம், மாதம் ஒரு பூசைதான் முடிகிறது.

நீ எழுதியதைப் படித்தேன். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. வீரமலை அண்ணன்தான் இப்போது எழுதாதே, இந்த ஆர்டர் முடியட்டும் என்கிறார். யோசித்துப் பார் அக்கா. இந்த ஊர் எனக்கு ஒத்துவராவிட்டால் திரும்பி வர ஒரு இடம் வேண்டாமா? நம்பர் என்ன நம்பர், இரண்டு இலக்கம். நீதான் போடுகிறாய் என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். அதுவே ஒரு மரியாதைதானே.

கே.கே. நகரிலிருந்து லிசியின் அப்பா வீட்டுக்கு வந்தால் எனக்கு இங்கே நிரந்தர வேலை என்று மட்டும் சொல். அக்டோபரில் கல்யாணம் வைக்கலாம் என்கிறார். மாப்பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது என்பதைத்தான் அவர் வார்த்தைக்கு வார்த்தை கேட்கிறார்.

இன்னொன்று. இங்கேயும் என்னைக் கூடிய சீக்கிரம் பைப் வேலையில் போடப்போகிறார்கள். அடிப்பக்கம் வரும்போது நீ மூச்சை என்ன செய்வாய்? அடக்குவாயா, விடுவாயா? மறக்காமல் எழுது.

உன் அன்புத் தம்பி,
ஜூட்


பாலக்கரை
14 மார்ச் 2025

ஜூட்டுக்கு,

தைலம் வாங்கியாகிவிட்டது. அம்மா மாடிப்படி ஏறுகிறாள். எனக்கு இடது கண் இரண்டு நாள் எரிந்தது, இப்போது இல்லை.

மூச்சை நான் ஒன்றும் செய்வதில்லை. முழங்கையை எங்காவது ஊன்றிக்கொள்வேன். இரண்டு வருடம் பக்கத்தில் நின்றவனுக்கு இது தெரியவில்லை என்றால் நீ எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று தெரியவில்லை.

இரண்டு இலக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். மாதம் பதினாலரை ஆயிரம் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும் என்பது மரியாதை என்றால், அந்த மரியாதையை நீ வைத்துக்கொண்டு சம்பளத்தை எனக்கு விட்டிருக்கலாம்.

எட்டாம் தேதி மகளிர் தினம். கம்பெனியில் பெண்கள் மொத்தம் மூன்று பேர். நான், கிரைண்டிங் போடும் சாரா பீவி அக்கா, கூட்டிப் பெருக்கும் பாட்டியம்மா. ஆளுக்கு ஒரு ரோஜாப்பூ, ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பெண் இல்லாமல் உலகமே இல்லை என்று முதலாளி மைக்கில் பேசினார். கை தட்டுகிற சாக்கில் அந்தப் பூவைக் கீழே போட்டுவிட்டேன்.

அன்றைக்கே வீரமலையிடம் கேட்டேன். பேசுகிற மாதிரி பேசினார், அப்படியே எழுதுகிறேன். "உனக்கு என்னம்மா செலவு? கல்யாணமா காட்சியா? ஜூட்தான் அனுப்புறான்ல. உனக்குக் குடுத்தா நாளைக்குச் சாரா கேட்கும். அப்புறம் வர்றவ போறவ எல்லாம் கேட்கும். இந்த ஷெட்டு தாங்காது." நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லி முடித்து, அந்த ஜாயின்ட் இன்றைக்கே முடியுமா என்று கேட்டார்.

சாரா பீவிக்கு இங்கே பதினோரு வருடம். அவளுக்கும் அதே பதிமூன்றரைதான். ஜாயின்ட்டை அவள் அரைத்துச் சுத்தம் செய்து கொடுத்தால்தான் என் வேலை நிற்கும், கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ போச்சு. அவளுக்கும் ஹெல்பர் என்றுதான் பெயர். இதை அவளிடம் சொன்னபோது, "நம்மள ஹெல்பர்னு எழுதுன கை நல்லா இருக்கட்டும்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

உன் பூசையில் எனக்காக வேண்ட வேண்டாம். அந்த இரண்டு வரியை எழுது.

பெலிண்டா


3 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கண்ணை டாக்டரிடம் காட்டு, அலட்சியம் வேண்டாம்.

இங்கே நேரமே இல்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். கடிதம் விஷயத்தைக் கல்யாணம் முடிந்ததும் முடித்துவிடுகிறேன். இப்போது எதையும் கலைக்க வேண்டாம். அம்மாவுக்கு ஐயாயிரம் அனுப்பியிருக்கிறேன். ஈஸ்டருக்கு உனக்கு ஒரு சேலை எடுத்துக்கொள்.

முழங்கை ஊன்றிப் பார்த்தேன். வரவில்லை.

ஜூட்


பாலக்கரை
23 ஏப்ரல் 2025

ஜூட்டுக்கு,

ஈஸ்டர் போயிற்று. அம்மா பாஸ்கா பூசைக்கு நடந்தே போய் வந்தாள். சேலை எடுக்கவில்லை.

நேற்று மறுபடியும் வீரமலையிடம் டெஸ்ட் பற்றிக் கேட்டேன். எரிச்சலில் வாய் தவறி ஒன்று சொல்லிவிட்டார். "என்னையே எதுக்கும்மா நோண்டுற? உன் தம்பி பேரு இன்னும் மஸ்டர் ரிஜிஸ்டர்ல இருக்கு. மாசா மாசம் பாதிச் சம்பளம் அவன் அக்கவுன்ட்டுக்குப் போகுது, நம்பரை விட்டு வெச்சிருக்கதுக்கு. அவன்கிட்ட கேளு."

அப்படியென்றால் பதினாலாயிரம். இங்கே இல்லாமல் இருப்பதற்கு உனக்குப் பதினாலாயிரம். இங்கே இருந்து அந்த வேலையைச் செய்வதற்கு எனக்குப் பதிமூன்றரை. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு வெல்டர் சம்பளம்கூட வரவில்லை, கம்பெனிக்கு அதிலும் ஐந்நூறு மிச்சம்.

நிஜமா, பொய்யா? அது மட்டும் எழுது. குளிரையும் சோற்றையும் பற்றி எழுதாதே.

பெலிண்டா


பாலக்கரை
29 மே 2025

ஜூட்டுக்கு,

ஐந்து வாரம் ஆயிற்று. நீ பதில் போடவில்லை. சுகமாகத்தான் இருக்கிறாய், அம்மாவுடன் தினம் பேசுகிறாய். பேசும்போது அம்மா போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறாள். முழங்கால் வலிக்காரி.

அம்மாவிடம் கேட்டேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். அப்புறம் சொன்னாள், "அதுலதான்டி லிசிக்குச் சங்கிலி வாங்கியிருக்கு. நீ வேற யாருக்கு சம்பாதிக்கிற?" பீரோவைத் திறந்து காட்டினாள். அரைச் சவரன் இருக்கும். நல்ல வேலைப்பாடு.

சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்தேன். முதலாளியோ வீரமலையோ செய்தால் அவர்கள் அப்படித்தான் என்று திட்டிவிட்டுத் தூங்கலாம். நான் சமைத்த சோற்றைத் தின்றுகொண்டு, என் எதிரில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு, இதைத் தெரிந்து வைத்திருந்த அம்மாவை என்ன செய்ய? மூன்று நாளாக அவள் போட்டுக் கொடுக்கும் காபியைக்கூட நான் குடிக்கவில்லை. கடையில் குடிக்கிறேன்.

நீ பதில் போடாததே பதில். இருந்தாலும் உன் கையால் எழுத வைக்காமல் விடமாட்டேன்.

பெலிண்டா


15 ஜூன் 2025

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

நிஜம். பிப்ரவரியிலிருந்து வருகிறது. நானாகக் கேட்கவில்லை, வீரமலை அண்ணன்தான் ஏற்பாடு செய்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று கேட்பாய். ஆம்பளைக்கு எவ்வளவு வருகிறது என்று ஊரே கேட்கிறது அக்கா. லிசி அப்பா கேட்கிறார், அவள் சித்தப்பா கேட்கிறார், பங்குச் சாமியார்கூடக் கேட்டார். உனக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? யாரும் கேட்காத இடத்தில் குறைந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. தப்புதான்.

இப்போது ஒரு சிக்கல். ஜூலையில் கஸ்டமர் பக்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். பதினேழாம் நம்பர் ஆளை நேரில் பார்த்து, அவன் கையால் ஒரு ஜாயின்ட் போடச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். வீரமலை அண்ணன் எனக்கு டிக்கெட் போட்டுவிட்டார். நான் வந்து முகத்தையும் ஆதார் கார்டையும் காட்டுவேன். ஜாக்கெட் மாட்டப் போவதாக ஸ்டோருக்குள் போவேன். நீ என் ஜாக்கெட், கிளவுஸ், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே வந்து போட வேண்டும். இரண்டு பேரும் ஒரே உயரம்தான். ஹெல்மெட் கண்ணாடிக்குள் யார் என்று யாருக்குத் தெரியப்போகிறது.

இதை மட்டும் செய். வரும்போது வேலையை விடும் கடிதத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில் கொண்டு வருகிறேன். ஜாயின்ட் முடிந்ததும் உன் கையில் தருகிறேன். அம்மா மேல் சத்தியம்.

ஜூட்


பாலக்கரை
13 ஜூலை 2025

ஜூட்டுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அம்மா சொன்னாள். பாதி ஷிப்டில் கிளம்பி, என் முகத்தைப் பார்க்காமல், ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்கு ஓடியவன் சுகமாகத்தான் போய்ச் சேருவான்.

வெள்ளிக்கிழமை நீ ஸ்டோரில் எலக்ட்ரோடு கம்பிப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். வெளியே நடந்ததை நீ பார்க்கவில்லை. நான் சொல்கிறேன்.

உன் ஜாக்கெட்டில் உன் வியர்வை நாற்றம். அதைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். இன்ஸ்பெக்டர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், ஹரிஹரசுதன் என்று பெயர், வயதானவர். நான் போட்டதிலேயே நல்ல ஜாயின்ட் அது. முடித்தேன். எழுந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினேன். முகத்தைத் துடைத்தேன். "சார், என் பேர் பெலிண்டா. பதினேழு நான்தான்" என்றேன். ஆமாம், அப்படிச் செய்வதற்காகத்தான் நான் சம்மதித்தேன். உன் கடிதத்தை நம்பி இல்லை.

வீரமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒரு ஆள், எழுதும் அதிகாரம் உள்ள ஆள், என் முகத்தையும் என் ஜாயின்ட்டையும் ஒன்றாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அவர் ஜாயின்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரொம்ப நன்னா போட்டிருக்கேம்மா" என்றார். பிறகு பேனாவை எடுத்து, ஜூட், பதினேழு, திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீரமலை டீ கொண்டுவரச் சொன்னார்.

அதற்குள் நீ பின்வாசல் வழியாகப் போய்விட்டாய், சட்டைப் பையில் கடிதம் இருந்ததோ இல்லையோ.

ஒருவேளை அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன். என் புத்திதான். இன்றைக்குக் காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறி, பாலம் தாண்டி, அம்மா மண்டபம் ரோட்டில் விசாரித்து அவர் வீட்டுக்கே போனேன். நல்ல மனுஷர். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் மனைவி கையால் மோர் கொடுக்கச் சொன்னார். புரியாமல் இல்லை, ஜூட். போன வருஷமே தெரியுமாம். "ஜாயின்ட்டைப் பார்த்தா கை தெரியும்மா. அந்தப் பையன் கை இல்லே அது. ஆனா இப்போ பேரை மாத்தினா, ரெண்டு வருஷமா போன பைப் எல்லாம் யார் போட்டதுன்னு கேள்வி வரும். அத்தனையும் வெட்டணும். கம்பெனியை மூடிடுவா. உனக்கும் வேலை போயிடும். வேலை நன்னா இருக்கோன்னோ, பேர்ல என்ன?"

நான் எழுந்திருக்கப் போனேன். அவர் விடவில்லை, பேச ஆள் கிடைத்த சந்தோஷம். மகள் தேவதர்ஷினி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாளாம். அவளோடு ஒரே நாளில் சேர்ந்த பையனுக்கு அவளைவிடக் கூடச் சம்பளம் என்று போன மாதம்தான் தெரிந்ததாம். "ஒரே வேலை, ஒரே படிப்பு. பொண்ணுங்கிறதுக்காகக் குறைச்சிருக்கா. அநியாயம் இல்லையோ?" என்று என்னிடமே கேட்டார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது.

மோரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன், காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது, எனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. நீ திருடன், அது தெரிந்ததுதான். நல்லவர்களைப் பார்த்துத்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நாளை திங்கள்கிழமை. கம்பெனி என்னை ஹெல்பர் என்று எழுதி வைத்திருக்கிறது. நாளையிலிருந்து நான் ஹெல்பர்.

பெலிண்டா


10 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதினால் பொய்.

வீரமலை அண்ணன் தினமும் போன் செய்து கத்துகிறார். நீ ஹெல்மெட்டைத் தொடவே மாட்டேன் என்கிறாயாமே. பைப்பைப் பிடிக்கிறாய், கம்பி எடுத்துக் கொடுக்கிறாய், கூட்டுகிறாய், ஐந்து மணிக்குக் கை கழுவிவிட்டுப் போய்விடுகிறாயாம். வெல்டிங் போடச் சொன்னால் "நான் ஹெல்பர்ண்ணே" என்கிறாயாம். உன்னைத் திட்டவும் வழியில்லை என்று புலம்புகிறார். எனக்கு வர வேண்டியதையும் இந்த மாதம் நிறுத்திவிட்டார்கள்.

வம்பு வேண்டாம் அக்கா. உன்னிடம் மறைக்க இனி ஒன்றும் இல்லை. இங்கே பைப் டெஸ்ட் வைத்தார்கள். மூன்று முறை வைத்தார்கள். உன் சர்ட்டிபிகேட்டைப் பார்த்து, இவனா அவன் என்று சிரித்தார்கள். உன் சர்ட்டிபிகேட் என்று கை தானாக எழுதுகிறது பார். மாதக் கடைசியோடு போகச் சொல்லிவிட்டார்கள். லிசி வீட்டில் இன்னும் தெரியாது.

நான் ஊருக்கு வருகிறேன். பழைய மாதிரியே இருப்போம். நீ போடு, நான் பக்கத்தில் நின்று கம்பி எடுத்துத் தருகிறேன். இந்த முறை என் சம்பளத்திலிருந்து மாதம் ஐயாயிரம் உனக்குத் தருகிறேன். வேண்டுமானால் ஆறு. சேர்ந்தே செய்த வேலைதானே அது. கல்யாணம் மட்டும் நடந்துவிடட்டும்.

அம்மாவிடம் பேசு.

ஜூட்


பாலக்கரை
7 செப்டம்பர் 2025

ஜூட்டுக்கு,

நாளை மாதா பிறந்த நாள். அம்மா காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். அவள் காபியை மறுபடி குடிக்கிறேன். பேசுவது கம்மிதான். என் கண் நன்றாக இருக்கிறது.

உன் சம்பளத்திலிருந்து எனக்கு ஆறாயிரம் தருகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் நாலைந்து முறை படித்தேன். நீ அதைப் பெருந்தன்மையாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறாய், அதுதான் தாங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாதம் நான் ஹெல்பர் வேலைதான் செய்தேன். வேறு இரண்டு பேரை வைத்துப் போட்டுப் பார்த்தார்கள், எக்ஸ்ரேயில் வரிசையாக ஃபெயில். கப்பலுக்குப் போக வேண்டிய பைப் ஷெட்டிலேயே கிடந்தது. கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். "என்னம்மா உன் பிரச்சினை?" என்று கேட்டார். இரண்டரை வருடமாக நான் அங்கே இருக்கிறேன், என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு அது. டெஸ்ட் வைக்கச் சொன்னேன்.

வைத்தார்கள். அதே ஹரிஹரசுதன் வந்தார். பழைய பைப்பை ஒருவரும் வெட்டவில்லை, கம்பெனியை ஒருவரும் மூடவில்லை. பெலிண்டா, முப்பத்தொன்று, திருப்தி என்று எழுதினார், அன்றைக்கு உன் பெயரை எழுதிய அதே பேனாவால், அதே முகத்தோடு. "சந்தோஷம்மா" என்றார். பதினேழை எடுத்துவிட்டார்கள். உன் இரண்டு வரி கடைசிவரை தேவைப்படவில்லை.

சம்பளம் என்று வந்தபோது முதலாளி இருபது என்றார். "நம்பர் கேட்ட, குடுத்தாச்சு. இதுல என்ன?" பதினேழுக்கு என்ன கொடுத்தீர்களோ அது என்றேன். "அவன் குடும்பம் நடத்தப்போறவன்மா" என்றார். நான் கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன். அன்று சாயங்காலமே இருபத்தெட்டு ஆயிற்று. எனக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். இவ்வளவு சுலபமாகத் தர முடிந்ததை இத்தனை நாள் தராமல் இருந்தார்களே என்றுதான் வந்தது.

சரி, உன் விஷயம். பழைய மாதிரி என்பது இனி கிடையாது. ஆனால் நான் மேலே போனதில் என் ஹெல்பர் இடம் காலி. அம்மா அழுதாள், அதனால் உனக்காகக் கேட்டேன். வீரமலை உடனே சரி என்றார். பைப்பைப் பிடிக்க வேண்டும், கம்பி எடுத்துக் கொடுக்க வேண்டும், கூட்ட வேண்டும். சாரா பீவி சொல்கிறபடி கேட்க வேண்டும். சம்பளம் பதினாறாயிரம்.

இதே இடத்துக்கு எனக்குப் பதிமூன்றரைதானே கொடுத்தீர்கள், சாரா பீவிக்கு இன்றைக்கும் அதுதானே என்று கேட்டேன். நான் என்ன கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. "அவன் ஆம்பளைப் பையன்மா, பதிமூன்றரைக்கு எப்படி வருவான்?" என்றார்.

சாரா பீவி அங்கேதான் நின்றிருந்தாள். கேட்டுக்கொண்டாள். கிரைண்டரை நிறுத்தினாள், கண்ணாடியைக் கழற்றினாள், கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் அரைத்துத் தராமல் எனக்கு வேலை இல்லை. நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேற்றும் உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமையும் அங்கேதான் இருப்போம்.

லிசி வீட்டில் நீயே சொல்லிக்கொள். வேலைக்கு வருவதானால் வா, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போகிறவன் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெலிண்டா